பொட்டு வைக்கக் கூடாத இடம்

1

இன்று ஆயுத பூஜை. இங்கே அது யாருக்கும் தெரியாது. விடிந்ததும் மரம் ஏற்றும் லாரி ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டு பின் அச்சின் ஸ்பிரிங் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். என் டூல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், பிறர் கண்ணில் படாத மூலையில், ஒரு பொட்டு வைத்திருந்தேன். கூட வேலை செய்பவன் அதையும் பார்த்துவிட்டான். துருப் பிடிக்கிறது, எண்ணெய் போடு என்றான். சரி, போடுகிறேன் என்றேன். நியூசிலாந்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. எதை விளக்கலாம், எதை விட்டுத்தள்ளலாம் என்பதில் மட்டும் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு வேலைகள். ஒன்று, மகள் கயலுக்கு நாளை மலைச் சைக்கிள் பந்தயம். அவள் வண்டியின் பின்பக்க ஷாக்கைச் சரிபார்க்க வேண்டும். அது கைவந்த வேலை. இன்னொன்று, திருவொற்றியூரில் இருக்கும் அண்ணன் ஏகாம்பரத்துக்குப் போன் செய்வது. அதைத்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூஜை அன்று போன் செய்யாமல் இருக்க முடியாது. செய்தால் அண்ணி எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால், "உள்ள கீறாடா" என்று அண்ணன் சொல்வான். அதற்கு மேல் இருவரும் மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். போன இரண்டு பூஜைக்கும் இதுதான் நடந்தது.

என் அண்ணி மல்லிகா மூன்று வருடமாக ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அண்ணனின் ஷெட்டுக்கு வரும் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர்கள் எல்லோரும் அண்ணியின் கையால் பொட்டு வாங்குவதற்கென்றே வண்டியை வரிசையில் நிறுத்துவார்கள். "அண்ணி கைப்பொட்டு வாங்கினு போனா எண்ணூர்லருந்து தூத்துக்குடி வரைக்கும் பஞ்சர் ஆவாது" என்பான் ஒருவன். அப்படிப்பட்ட கை மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறது. அதற்குக் காரணம், இதோ என் கராஜில் ஸ்டாண்டில் தொங்குகிற இந்தச் சைக்கிள்.

2

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சைக்கிளில் சீட்டுக்குக் கீழே இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும், அதோடு சரி. இதில் பின் சக்கரமே தனியாக ஒரு கீலில் மேலும் கீழும் ஆடும். மலையிறக்கத்தில் வேர், பாறை, பள்ளம் எல்லாவற்றின் மேலும் விழுந்து எழுந்து போக வேண்டுமே! அந்த ஆட்டத்தைத் தாங்குவது சட்டத்தின் நடுவே இருக்கும் ஒரு சாண் நீளக் குழாய், அதுதான் ஷாக். உள்ளே சுருள் கிடையாது. எண்ணெயும், அழுத்தி அடைத்த காற்றும்தான். வெளிக்குழாய்க்குள் உள்குழாய் வழுக்கிக்கொண்டு போய் வரும். அந்த உள்குழாய் கண்ணாடி மாதிரி மின்னும். இரண்டும் சேரும் கழுத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அந்தச் சீலில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு.

"அப்பா, சீக்கிரம்" என்றாள் கயல். அவள் என்னிடம் தமிழில் பேசும் சொற்களில் பாதி இதுதான். மீதியெல்லாம் ஆங்கிலம், நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். பதினேழு வயது. ஒரு காதில் எப்போதும் பாட்டு. அடுத்த வருடம் படிக்கத் தெற்குத் தீவுக்குப் போய்விடுவாள். போன பிறகு இந்த ஒரு சொல்லும் எனக்கு மிஞ்சுமோ என்னவோ.

ஹெல்மெட், முழங்கால் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் வண்டியில் ஏற வேண்டும். பந்தயத்தில் இருக்கும் எடையோடு ஏறினால்தான் கணக்குச் சரிவரும். மின்னும் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அதை நான் சீல் வரை தள்ளி வைப்பேன். அவள் குலுங்காமல் உட்கார்ந்து, குலுங்காமல் இறங்க வேண்டும். வளையம் நகர்ந்து எங்கே நிற்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். முழு நீளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்கும். அதிகம் இறங்கினால் கைப்பம்பில் காற்று ஏற்றுவேன். குறைவாக இறங்கினால் காற்றை விடுவேன். அப்புறம் ஒரு சிவப்புத் திருகு. அமுங்கியது எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். வேகமாக எழுந்தால் வண்டி ஆளைத் தூக்கி எறியும். மெதுவாக எழுந்தால் அடுத்த பள்ளம் வருவதற்குள் எழாமல் அங்கேயே சுருண்டு கிடக்கும்.

திருவொற்றியூரில் அண்ணனும் நானும் நாற்பதடி டிரெய்லருக்கு இதைத்தான் செய்தோம். பட்டையைக் கூட்டுவோம், குறைப்போம். காலி வண்டி துள்ளக் கூடாது, லோடு வண்டி படுக்கக் கூடாது. ஒரே ஒரு வித்தியாசம். டிரெய்லர் பட்டையின் மேல் சேறு, உப்பு, கரித்தூள், சந்தனம், குங்குமம் என்ன அப்பினாலும் அது சட்டை செய்யாது. இந்தக் குழாய் அப்படியில்லை. ஓட்டும் முன் ஒரு தடவை, ஓட்டிய பின் ஒரு தடவை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். மற்ற பராமரிப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

3

மூன்று வருடம் முன்பு, கயலுக்குப் பதினாலு வயது. பூஜை விடுமுறையை ஒட்டி ஊருக்குப் போகலாம் என்றேன். மனைவி சுமதிக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, லீவு கிடைக்கவில்லை. கயல் வர மாட்டேன் என்றாள். திரும்பி வந்த இரண்டாம் நாளே வட்டார அணிக்கான தேர்வுப் பந்தயம், பயிற்சி இல்லாமல் எப்படி என்று அழுதாள். கடைசியில் சைக்கிளும் எங்களோடு விமானம் ஏறியது.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அட்டைப் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். சைக்கிளைச் சுற்றி வந்தார். ஷாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன?"

"காற்று, சார்."

"வெறும் காத்துக்கா இவ்ளோ பெரிய பெட்டி?" என்றார். மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். வண்டி புதுசா, விற்கக் கொண்டுவந்ததா, திரும்ப எடுத்துப் போவீர்களா, அதற்கு அத்தாட்சி என்ன என்று நீண்டது. கயல் பொறுமை இழந்து, "அங்கிள், நான் பசி" என்றாள். அந்தத் தமிழைக் கேட்டு இருவரும் சிரித்துவிட்டு எங்களை விட்டுவிட்டார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்தில் அண்ணன் ஷெட். ஒரு பக்கம் பட்டை வேலை, இன்னொரு பக்கம் டயர் வேலை, பின்னால் வீடு. வந்து இறங்கிய நாளிலேயே கயலுக்கும் அண்ணிக்கும் ஒட்டிக்கொண்டது. அண்ணிக்குப் பிள்ளை கிடையாது. காசிமேட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் மீன் வாங்கிக் கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், வாய் ஓயாமல் பேசினாள். நான் பத்து வருடமாகக் கற்றுக்கொடுக்க முடியாத தமிழ் அந்தக் கொஞ்ச நாளில் என் பெண்ணின் வாய்க்குள் போனது. அதுவும் எந்தத் தமிழ்! "பெரிம்மா, சோறு கீதா?" என்று அவள் கேட்டபோது அண்ணன் சிரித்த சிரிப்பில் ஷெட் தகரமே அதிர்ந்தது.

4

ஆயுத பூஜை அன்று ஷெட்டைக் கழுவிவிட்டு, ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். வெளியே டிரெய்லர்கள் சாலை வரை நின்றன. வரிசையின் கடைசியில் கயலின் சைக்கிள். அதையும் நிறுத்தச் சொன்னது அண்ணிதான். "நம்ம வூட்டு வண்டி, அது மட்டும் பூஜை இல்லாம நிக்குமா?" என்றாள்.

அண்ணி பொட்டு வைப்பதைப் பார்க்க வேண்டும். எங்கேயோ ஒரு மூலையில் ஒற்றிவிட்டுப் போகிற வேலை கிடையாது. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் எடுத்து, எந்த இடம் மின்னுகிறதோ அந்த இடத்தில் அப்புவாள். மின்னுகிற இடத்தில்தான் கண் படும், அதனால் அங்கேதான் பொட்டு இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஹெட்லைட், ஹாரன், கண்ணாடி. அதன் மேல் குங்குமம். வைத்த பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, தானாகக் காய்ந்து உதிர வேண்டும். தெரியாமல் துடைத்த ஓட்டுநர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

நான் வாசலில் பூசணிக்காயோடு நின்றிருந்தேன். கற்பூரம், புகை, பொரி, கடலை, ஹாரன் சத்தம். சைக்கிளில் ஹேண்டிலில் ஒரு பொட்டு, சட்டத்தில் ஒரு பொட்டு இருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த வண்டியிலேயே அதிகமாக மின்னுகிற இடம் எது என்று அப்போது எனக்கு யோசனை வரவில்லை.

மறுநாளிலிருந்து கயல் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு காலி கன்டெய்னர் யார்டில், கொட்டிக் கிடந்த மண்மேடுகளில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தாள். கடல் உப்புக் காற்று, லாரிப் புழுதி, துறைமுகத்துக் கரித்தூள். ஓட்டும் முன் துடைக்க வேண்டும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பெரியம்மா துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். இவளும் துடைக்கவில்லை.

5

மூன்றாம் நாள் மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்பக்கம் இறங்கிப் போய், வெயிலில் உட்கார்ந்துவிட்ட எருமை மாதிரி வண்டி கிடந்தது. தூக்கிப் பார்த்தோம், எழவில்லை. பம்பை மாட்டினால் அதன் அளவு முள் ஜீரோவைக் காட்டியது.

"காத்து பூட்ச்சி, அவ்ளோதான்" என்றான் அண்ணன். "கய்ட்டி உள்ள வேற வாசர் போட்டா ஓடும். இதுக்குப் போயி ஏன் அய்வுற கண்ணு?"

சொல்லும்போதே போல்ட்டைக் கழற்றி ஷாக்கை எடுத்து, மேசையின் இரும்புப் பிடியான வைஸில் மாட்டிவிட்டான். அவனுக்கு எதையும் உடனே திறந்து பார்க்க வேண்டும். நானும் அந்தக் கணம் ஜீரோவைத்தான் நம்பினேன். அவன் வெளிக்குழாயைத் திருகுவதற்கு ஆயில் பில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பானரைப் போட்டு, குனிந்து, முகத்தைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோனான்.

கயல் ஓடி வந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெரிப்பா, வேணாம். உள்ள காத்து கீது."

"முள்ளு ஜீரோல கீது பாரு."

"அது பொய். காத்து வெளிய போவல. அந்தப் பக்கம் பூட்ச்சி." அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துக் கடகடவென்று கொட்டினாள். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் சொன்னது இதுதான். காற்று முழுதாகப் போயிருந்தால் குழாய் தொளதொளவென்று கையால் இழுத்தால் வர வேண்டும். இது வரவில்லை, யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இறுகிக் கிடக்கிறது. அப்படியென்றால் உள்ளே இரண்டு காற்றறைகளைப் பிரிக்கும் சீல் கிழிந்து, மேல் அறையின் காற்று கீழ் அறைக்குப் போய் மாட்டிக்கொண்டது. அந்த அறைக்கு வால்வு கிடையாது. பம்பு அதை அளக்காது. இப்போது மூடியைத் திருகினால், கடைசித் திருகுமறை விடும்போது குழாய் தோட்டா மாதிரி கிளம்பும்.

"அண்ணா, கைய எடு" என்றேன்.

"வெளிநாடு போயி நீயும் மெர்சலாயிட்டியா? சைக்கிள் சாமான்டா இது!"

"பெரிப்பா, மூஞ்சி போயிடும்" என்றாள் கயல். கையை விடவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பி, ஷெட் மூலையில் நின்ற இரும்புக் கூண்டைப் பார்த்தான். அது லாரி டயருக்குக் காற்றடிக்கும் கூண்டு. லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்துக்கொள்ள ஒரு லாக் ரிங் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் பறக்கும். எங்கள் சந்திலேயே டயர்க்கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். அண்ணனும் நானும்தான் அவரைத் தூக்கிப்போய் ஆட்டோவில் போட்டோம். அந்த வாரமே அண்ணன் இந்தக் கூண்டைப் பற்றவைத்தான்.

"கூண்டத் தொற" என்றான்.

ஷாக்கின் ஒரு முனையைக் கூண்டின் அடிக்கம்பியோடு போல்ட் போட்டு இறுக்கினோம். உள்ளே சுற்றிலும் பழைய டியூபை அடைத்தோம். பெல்ட் ஸ்பானருக்கு நீளமான பைப் சொருகி, கம்பிகளுக்கு நடுவே வெளியே எடுத்தோம். தேர்வுப் பந்தயம் மட்டும் இல்லாவிட்டால் அதை அப்படியே மூட்டை கட்டி எடுத்துப் போயிருப்பேன். ஆனால் நியூசிலாந்தில் சர்வீஸுக்குக் கொடுத்தால் வாரக்கணக்கில் ஆகும்.

அண்ணி டீ டம்ளர்களோடு வந்தாள். "அப்பால போடி!" என்று கத்தினான் அண்ணன். ஓட்டுநர்கள், கயல், அண்ணி எல்லோரும் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றார்கள். நானும் அண்ணனும் பக்கவாட்டில் உட்கார்ந்து பைப்பைத் தள்ளினோம். கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். மறை நெறிபடும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. அண்ணனின் உதடு எதையோ முணுமுணுத்தது, சாமி பெயரா கெட்ட வார்த்தையா தெரியவில்லை. இன்னொரு தள்ளு.

வெடித்தது. பட்டாசுச் சத்தம் இல்லை, டயர் வெடித்த சத்தம். வெளிக்குழாய் கூண்டுக்குள் மேலே போய் டியூபில் மோதித் திரும்பி விழுந்தது. பெல்ட் ஸ்பானர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. சந்து நாய்கள் எல்லாம் குரைத்தன.

அண்ணன் எழுந்து போய் வைஸ் முன்னால் நின்றான். சற்று முன் குனிந்த மாதிரியே குனிந்தான். குழாய் எங்கே வந்திருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தான். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில்.

6

குழாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளும் சிவப்பும் கரியும் கலந்த சேறு. சந்தனம் ஈரமாக இருந்தபோது புழுதியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொண்டு, குழாய் உள்ளே போகிறபோதெல்லாம் சீலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. அடையாளம் கண்டது அண்ணிதான்.

"இது... சந்தனமா?"

விரலில் தொட்டு முகர்ந்தாள்.

"நான் தொடைக்காதேன்னு சொன்னேனே. அதனாலதான் நீ தொடைக்கலயா கண்ணு?" என்று கயலைக் கேட்டாள்.

என் பெண்ணுக்குத் தமிழில் பொய் சொல்லத் தெரியாது. "ஆமா பெரிம்மா" என்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருக்கலாம். அண்ணனுக்கு அப்போதுதான் பயம் முழுசாக ஏறியது. பயந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வரும். "உன் பொட்டுடீ! உன் கைப்பொட்டு இன்னிக்கு எனக்கு மாலை போட்டிருக்கும்!" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். ஓட்டுநர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ராயபுரத்தில் போர்க்லிப்ட் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில், கிழிந்த சீல் வளையத்தைக் காட்டி அதே அளவில் ஒன்று வாங்கினோம். குழாயைக் கழுவி, எண்ணெய் போட்டு, சேர்த்தோம். காற்று நின்றது. கயல் ஏறி உட்கார்ந்து இறங்கினாள், வளையம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அண்ணன் விசிலடித்தான். அண்ணி சமையலறையை விட்டு வரவில்லை.

திரும்பும்போது ஆக்லாந்தில் விவசாயப் பாதுகாப்பு அதிகாரிகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டு மண் ஒரு துளி உள்ளே வரக் கூடாது. ஹேண்டிலில் இருந்த பொட்டைக் காட்டி, இது என்ன மண் என்றார் ஓர் அதிகாரி அம்மாள். மண் இல்லை, சந்தனம் என்றேன். சந்தனம் என்றால் மரம், மரம் என்றால் அதற்கு வேறு விதி. குங்குமம் என்றால் மஞ்சள், மஞ்சள் என்றால் கிழங்கு, அதற்கு இன்னொரு விதி. கடைசியில் கையுறை மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் தேய்த்து எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தார். யாரும் துடைக்கக் கூடாத பொட்டை ஒரு அரசாங்கமே துடைத்தது. கயல் திரும்பி நின்றுகொண்டாள்.

தேர்வில் அந்த வருடம் அவள் ஜெயிக்கவில்லை. நடு வழியில் செயின் கழன்றுவிட்டது. ராயபுரத்துச் சீல் கல்லு மாதிரி தாங்கியது, போனது செயின்தான். அண்ணனிடம் போனில் சொன்னேன், அவன் அண்ணியிடம் சொன்னான். அண்ணி நம்பவில்லை. "மனசு கஷ்டப்படுவேன்னு செயினு கியினுன்னு கத வுடுறீங்க. கொய்ந்த என் கையாலதான் தோத்துச்சி" என்றாளாம். அடுத்த வருட பூஜையில் கிண்ணத்தைத் தொடவில்லை. அதற்கடுத்த வருடமும். அண்ணன் அவன் பாணியில் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

இதையெல்லாம் கயலிடம் நாங்கள் சொல்லவில்லை. அவளும் போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். தமிழ் மறுபடி துருப் பிடித்துவிட்டது, பேசினால் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

7

கராஜிலேயே போன் கார்டின் எண்ணைச் சுரண்டி, ஸ்பீக்கரில் போட்டு டயல் செய்தேன். இங்கே சாயங்காலம், அங்கே காலை. ஹாரன் சத்தம் கேட்டது.

"டேய், பூஜையாச்சா அங்க?" என்றான் அண்ணன்.

"ஆச்சு. அண்ணி?"

"உள்ள குந்தினு கீறா. டிரைவர் பசங்களே தடவிகினு கீறானுங்க. ஒருத்தன் கண்ணாடி முய்க்க அப்பிட்டான், கலீஜு! இன்னாத்த சொல்றது போ."

கயல் காதிலிருந்து பாட்டை எடுத்தாள். பெரியம்மா ஏன் வைக்கவில்லை என்று என்னைக் கேட்டாள். நான் மழுப்பினேன். மறுபடி கேட்டாள். சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "மூன்று வருடமாகவா? செயினுக்காகவா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் சீறினாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பெரிப்பா, பெரிம்மா கிட்ட குடு."

"அவ வர மாட்டா கண்ணு..."

"நீ போய் குடு!"

நடக்கும் சத்தம். கதவு. அண்ணன் ஏதோ சொல்வது. கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையில் துடைக்கும் துணியோடு நின்றேன்.

"கயலு?" அண்ணியின் குரல்.

கயல் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பெரிம்மா, அன்னிக்கி ரேஸ்ல செயின் கழண்டுச்சி. ஷாக் நல்லா இருந்துச்சி. செயின்தான்."

போனை இன்னும் வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"நான் தொடைக்கலன்னு அன்னிக்கி ஆமா சொன்னேன்ல? இப்பவும் பொய் இல்ல, அப்பிடித்தான் சொல்றேன். செயின்தான்."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கி ரேஸ் கீது. சைக்கிளுக்குப் பொட்டு வெக்கணும். எங்க வெக்கறது, சொல்லு."

"வேணாம்மா... எதுக்கு..."

"சொல்லு பெரிம்மா."

"முன்னாடி... ஹேண்டில் கீழ வெய்யி" என்றாள் அண்ணி. "சீட்டுக்குப் பின்னால ஒண்ணு. அந்த மினுமினுன்னு கீதே, அதுல வெக்காத. அத்த நல்லா தொடச்சிரு."

"தொடச்சிட்டேன். நீயும் வெய்யி."

"எனக்கு இனிமே எதுக்கும்மா..."

"நான் இங்க வெக்கறேன். நீ அங்க வெக்கணும். நீ வெக்கலன்னா நானும் வெ..."

லைன் கட்டாகிவிட்டது. கார்டு தீர்ந்தது. வேறு கார்டு வீட்டில் இல்லை.

கயல் போனை வைத்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய், சுமதி வைத்திருந்த சந்தன வில்லையைத் தட்டில் குழைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் வைக்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சிவப்புத் திருகை ஒரு சுற்று திருப்பினேன், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அண்ணன் ஒருநாளும் இங்கே போன் செய்தது கிடையாது. வெளிநாட்டுக்கு எப்படிச் சுற்றுவது என்றே அவனுக்குத் தெரியாது.

சந்தனம் தட்டின் ஓரத்தில் காய ஆரம்பித்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எஸ்டிடி பூத்துலருந்து பேசுறேன்டா" என்றான் அண்ணன். மூச்சு வாங்கியது. "எய்ந்து வந்துட்டா. கிண்ணத்த எடுத்துகினு நேரா வந்தா. டிரைவருங்கல்லாம் வண்டிய வுட்டு எறங்கி நிக்கிறானுங்க. அவ வண்டி பக்கமே போவல. கூண்டுக்குப் போனா. நம்ம டயர் கூண்டு. அதுக்குத்தான் மொதல்ல வெச்சா. ஒவ்வொரு கம்பிக்கும் வெச்சா."

"அப்புறம்?"

"அப்பால எங்கிட்ட வந்தா. மூக்குக்கு மேல, கண்ணுக்கு நடுவுல, இதோ இங்க வெச்சா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னா சொல்றது? குனிஞ்சி குடுத்தேன்" என்றான் அண்ணன்.

எனக்குப் பின்னால், கயல் ஹேண்டிலுக்குக் கீழே பொட்டை வைத்துவிட்டு, விரலைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.